பதினான்காம் எண் நீலம்

மஞ்சள் சீட்டு ஒட்டியதெல்லாம் ஞாயிறன்று பாதி விலை.
டுலூத் மேட்டுத்தெருவில், டயர் கடைக்குப் பக்கத்தில்,
பிறர் வீட்டுச் சுவர்களெல்லாம் இறங்கி வந்து
தரையில் சாய்ந்து நிற்கும் கடை அது.

உருண்டைக் கண் மான்கள்.
ஏதோ விடுதி அறைகளில் முப்பது வருஷம்
ஒரே அலையில் நின்ற பாய்மரப் படகுகள்.
பிளாஸ்டிக் கழுகு, ஒரு சிறகு இல்லாமல்.
"வாழு, சிரி, நேசி" என்று கட்டளையிடும் பலகைகள்
பதினேழு எண்ணினேன்.
வாங்கியவர்கள் எந்த வார்த்தையில் அலுத்துப்போனார்களோ.

வெர்லா படத்தைப் பார்ப்பதே இல்லை.
புரட்டி முதுகைப் பார்ப்பாள்,
மூலையை நகத்தால் கீறி முகர்வாள்,
சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவள் மாதிரி.
"ஓக் மரம், ஓரின். மூன்றே டாலர்."

எனக்கு வேலை இரவில். நகராட்சியின் பனி வாரும் வண்டி.
விடியலில் வந்தால் சமையலறை முழுக்கத் தேயிலை வாசம்,
குடிக்க ஒரு சொட்டு இருக்காது.
தட்டுகளில் காகிதங்கள் ஊறிக்கொண்டிருக்கும்.
நூலகத்தில் பத்து சென்ட்டுக்கு அச்செடுத்த லூன் பறவை
நேற்று வெள்ளை, இன்று காலை நூறு வயது.
பிறகு அவனில், மிதமான சூட்டில், பத்து நிமிடம்.
கருகவும் கூடாது, கிழடாகவும் வேண்டும்.

"என் பிக்கப்பும் பழசுதான்,
அதற்கு யாரும் கூடுதலாகத் தரவில்லையே" என்றேன்.
"உன் துருவுக்கு நீ சட்டம் போடவில்லை."

அந்தச் செவ்வாய்க்கிழமை பூட்ஸைக் கழற்றுகையில்
கூப்பிட்டாள். குரலில் அவசரம் இல்லை,
அதனால்தான் ஒற்றைக் காலோடு ஓடினேன்.

கட்டளைப் பலகையை ஈரப் பஞ்சால் ஊறவைத்து
உரித்திருக்கிறாள். 'நேசி' நீளமாகக் கிழிந்து வந்திருந்தது.
அடியில் இரண்டு பேரிக்காய். அதுவும் செய்த பழசு,
யாரோ காபித்தூளைத் தேய்த்திருந்தார்கள்.
"கெட்டிக்காரிதான்," என்றாள், "ஓரத்தில்தான் சோம்பல்."
பசை விளிம்பில் மட்டும். கத்தி நுழைந்ததும்
பேரிக்காய்களும் எழுந்துகொண்டன.

அடியில் குதிரை.

எண் பார்த்து வண்ணம் நிரப்புகிற அட்டை.
குதிரை முழுசாக, ஒரு முன்னங்கால் மட்டும் கொஞ்சம் தடித்து.
வேலி பாதி.
வானத்தில் கையே வைக்கவில்லை,
கோடுகளுக்குள் பொடி எழுத்தில் 14, 14, 7, 14.
நீலம் தீர்ந்திருக்கலாம்.
யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்.
அல்லது, வெளியே மழை நின்றிருக்கலாம்.

தேநீர் படாமலே பழசானது அது.
அப்படியே சுவரில் மாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.
அவளோ குளியலறைக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைக்
கரண்டி முனையில் எடுத்து, வெள்ளை கலந்து,
குதிரையின் காதுக்கு மேலே
ஒரே ஒரு பதினான்கை நிரப்பினாள்.
காயும்வரை நின்றாள். நானும் நின்றேன்,
ஒரு காலில் பூட்ஸோடு.
பிறகு லூனை மேலே ஒட்டினாள்.
பசை விளிம்பில் மட்டும்.

சட்டத்துக்குச் சுண்ணப் பெயிண்ட், கறுப்பு மெழுகு,
மூலைகளில் மட்டும் உப்புத்தாள்,
பல கைகள் பிடித்துத் தேய்ந்ததுபோல.

சனிக்கிழமை லூத்தரன் தேவாலயச் சந்தை. நாற்பத்தைந்து டாலர்.
வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள்,
கூட வந்தவன் தாடியெல்லாம் பனி.
"இது எவ்வளவு பழசு?"
வெர்லாவுக்குப் பொய் வராது.
"செவ்வாய்க்கிழமை."
சிரித்தார்கள். வாங்கினார்கள்.

செய்தித்தாளில் சுற்றிக் கட்டியது நான்.
குதிரை என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு நுனிவரை வந்தது.
முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக் கொடுத்தேன்.

அன்றிரவு ஏரிக்கரைச் சாலை எனக்கு.
பனி. அதன் அடியில் கெட்டிப்பட்ட பழைய பனி.
அதற்கும் அடியில் போன வாரத்து உப்பு.
தார் தெரியும்வரை சுரண்டக் கூடாது,
தகட்டை ஒரு விரல்கடை உயர்த்தியே ஓட்டு
என்பது சேர்ந்த அன்றே சொல்லித்தந்த விதி.
அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உயர்த்தியிருந்தேன்.